மந்திரித்த வாழை

கெங்குவார்பட்டி,
20 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு செலின் எழுதுவது.

என் நம்பரை உங்கள் போனில் பிளாக் செய்துவிட்டீர்கள். வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். தபால்காரரையாவது வாசலோடு திருப்பி அனுப்ப மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். நானாக ஒருவருக்குக் கடிதம் எழுதி எவ்வளவு காலம் ஆயிற்றோ தெரியவில்லை.

அண்ணியின் முதலாம் ஆண்டுப் பூசைக்கு வந்த இடத்தில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பந்தியில் அத்தனை சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, ஜெபஷீலா அண்ணியின் போட்டோவுக்குப் போட்ட மாலைகூட வாடாமல் இருக்க, "செத்தவ பேரைச் சொல்லி ஊருக்கே நோயைக் குடுத்துட்டீக" என்று கத்திவிட்டேன். அந்த வார்த்தைக்காக நீங்கள் என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னது சரிதான். ஆனால் நான் கண்ணால் பார்த்தது பொய்யில்லை அண்ணே.

ஜனவரியில் செபஸ்தியார் திருவிழாவுக்கு அண்ணியின் நினைவாக நீங்கள் மலைவாழைக் கன்று கொடுத்தீர்கள். அண்ணியின் தம்பி பொன்னுராஜ் தன் மலைத்தோட்டத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்தது. கோவில் சாமியார் அதை ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார், வீட்டுக்கு ஒன்று என்று ஊரே வாங்கிப்போய் நட்டது. அதைப் பார்த்து நானும்தான் அழுதேன். அதே கன்று இன்று உங்கள் வீட்டுக்குப் பின்னால் எப்படி நிற்கிறது? புது இலை விரியவே இல்லை. குட்டை குட்டையாக, நெருக்கியடித்துக்கொண்டு உச்சியில் கொத்தாக நிற்கிறது. ஓரம் மஞ்சள். காம்பில் கரும்பச்சைக் கோடு. மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்ட எனக்கு இதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. இங்கே மலைத்தோட்டங்களைத் துடைத்தெடுத்த முடிக்கொத்து நோய் இது. குலை தள்ளாது, மருந்தும் கிடையாது. அசுவினிப் பூச்சி இதில் உறிஞ்சிவிட்டு அடுத்த வாழையில் உட்கார்ந்தால் அதற்கும் வந்துவிடும். வாழையை நம்பியே இருக்கிற ஊர் நம் ஊர்.

அன்றைக்கு ஒரு இலைத் துண்டைக் கிள்ளிப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். இங்கே பிரிட்ஜில் வைத்திருக்கிறேன், மலையிலிருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டப்போகிறேன். நீங்களும் வாருங்கள், சேர்ந்தே போகலாம்.

உங்கள் தங்கை,
செலின்

*

சின்னமனூர்,
27 ஆகஸ்ட் 2024

செலினுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். திருப்பி அனுப்பவில்லை, அந்த மட்டுக்கும் சந்தோஷப்பட்டுக்கொள்.

நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வாழைக்குள் கிடக்கிறவன் நான். எனக்கு வாழையைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய். மலையில் குளிர்ச்சியில் இருந்த கன்று இங்கே சித்திரை வெயிலைக் கண்டால் சுருங்கத்தான் செய்யும். சத்துக் குறைவு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தெளித்திருக்கிறேன், பிடித்துக்கொள்ளும்.

இந்த வாழை ஏன் இந்த ஊருக்கு வந்தது என்று உனக்குத் தெரியும். கடைசி மாதங்களில் அவள் வயிற்றில் கஞ்சி தங்கவில்லை. அவள் ஊர் மலைப்பழம் ஒன்றுதான் தங்கியது. "நம்ம கொல்லையில ஒண்ணு இருந்தா உங்களுக்கு அலைச்சல் இல்லைல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் நடுவதற்குள் போய்விட்டாள். இந்த ஊருக்கு நர்ஸம்மாவாக வந்து எத்தனை பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து ஊற்றியிருப்பாள். அதனால்தான் கேட்காமலேயே வீட்டுக்கு வீடு வந்து கன்றை வாங்கிப்போனார்கள். எதிர்வீட்டுக் கஸ்தூரியம்மாள் நம்மைப் போல வேதக்காரி இல்லை, இருந்தும் செவ்வாய், வெள்ளி அதன் கீழே விளக்கு வைக்கிறாள். முதல் குலையைக் கோவிலுக்குக் கொடுப்பதாக வேண்டுதல் செய்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதைத்தான் நீ நோய் என்கிறாய். அவளை எனக்குப் பார்த்துக் கட்டிவைத்ததே நீதான். உன் வாயில் அந்த வார்த்தை எப்படி வந்தது? அதை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்கவில்லை.

ஆராய்ச்சி நிலையத்துக்கு நீ போவதானால் போ. நான் வரவில்லை.

ஆல்பர்ட்

*

கெங்குவார்பட்டி,
6 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போய்விட்டு வந்தேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

கொடைக்கானல் பஸ்ஸில் பாதி மலை ஏறி, கிளைச்சாலையில் இறங்கி, காய்கறி ஏற்றவந்த ஜீப்பில் உட்கார்ந்து போனேன். கீழே மஞ்சளாறு அணை தட்டில் ஊற்றிய தண்ணீர் அளவுக்குத் தெரிந்தது. அண்ணியை முதன்முதலில் பெண் பார்க்க நீங்கள் வந்தபோது இந்த வளைவுகளில் வாந்தி எடுத்தது ஞாபகம் வந்தது. ஜீப்பில் தனியாகச் சிரித்தேன், பக்கத்திலிருந்தவர் ஒருமாதிரி பார்த்தார்.

நிலையத்து வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. செருப்போடு அதில் இறங்கி நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நான் பையைத் தூக்கிக் காட்டியதும் காவலாளி பதறிப்போனார். "அங்கனயே நில்லுங்கம்மா, சார் வரட்டும்" என்றார். திலீபன் என்று ஒரு இளைஞர் வந்தார், அங்கே வாழை பார்க்கிற அதிகாரி. பை கட்டியிருக்கிறதா, எப்போது கிள்ளியது, எங்கேயாவது திறந்தேனா என்று போலீஸ் மாதிரி கேள்வி. பிறகுதான் கையில் வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராக இலையைப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். நரம்பை ஒட்டிப் புள்ளியும் கோடுமாக ஓடுகிறது. "பார்த்தாலே தெரியுது டீச்சர். இருந்தாலும் டெஸ்ட் போட்டுச் சொல்றேன்" என்றார்.

பொன்னுராஜ் தோட்டத்தைச் சொன்னேன், அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சரிவு முழுக்க ஏற்கெனவே அழித்தாயிற்றாம். பொன்னுராஜ் மட்டும் பச்சையாக இருந்த ஓரத்து வாழைகளை விட்டுவைத்திருக்கிறான். அக்காவுக்காகக் கேட்கிறார்கள் என்று அதிலிருந்துதான் தோண்டிக் கொடுத்திருக்கிறான். இந்த நோய் வெளியே தெரியாமல் கிழங்குக்குள் இருக்குமாம் அண்ணே. அவன் தெரிந்து செய்யவில்லை, நீங்களும் தெரிந்து கொடுக்கவில்லை.

திரும்புகிற வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். அண்ணி இருந்திருந்தால் இந்த நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள்? யோசித்துப் பாருங்கள்.

செலின்

பி.கு. 9-ம் தேதி. கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். திலீபன் சார் இன்று கூப்பிட்டார். டெஸ்டில் உறுதியாகிவிட்டது. அதேதான்.

*

சின்னமனூர்,
13 செப்டம்பர் 2024

செலின்,

நீ எழுதியதைத் தோட்டத்தில் வைத்துப் படித்தேன். வீட்டில் வைத்துப் படிக்கத் தைரியம் இல்லை.

உன்னிடம் ஒன்றைச் சொல்லவேண்டும், வேறு யாரிடமும் சொல்லவில்லை. நம் வீட்டுக் கொல்லைக்குப் பின்சுவரை ஒட்டி உத்தமபாளையம் பக்கீர் முகம்மது குத்தகைக்கு எடுத்து வாழை போட்டிருக்கிறார் அல்லவா? நேற்று சுவர் மேல் சாய்ந்து பார்த்தேன். முதல் வரிசையில் இரண்டு வாழையில் குருத்து கூம்பிக்கொண்டு நிற்கிறது. அவர் இன்னும் கவனிக்கவில்லை. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே என்னைப் பார்த்து, "என்ன ஆல்பர்ட்டு, இந்தத் தடவ குலை நல்லா வரும் போலருக்கே" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஜெபஷீலாவைத் தூக்கிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது வண்டி ஓட்டியவர் அவர். பிள்ளையின் கல்யாணத்தை இந்தக் குலையை நம்பித்தான் வைத்திருக்கிறார்.

எப்படிச் சொல்வேன்? உன் பெண்டாட்டி பேரில் கொடுத்தது என் பிழைப்பைக் கெடுத்துவிட்டது என்று அவர் சொன்னால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? சாமியாரிடம் ஜாடையாகக் கேட்டேன். "மந்திரித்துக் கொடுத்ததைப் பிடுங்கி எறியச் சொன்னால் ஜனங்கள் மனசு என்ன பாடுபடும் ஆல்பர்ட், இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றார். அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நானும் நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

நீ கொண்டுபோனது கிள்ளின ஒரு இலைதானே? முழுச் செடியைப் பார்த்தால் வேறு மாதிரி சொல்வார்கள் என்று மனசு அடித்துக்கொள்கிறது. நம் வாழைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கன்று விட்டிருக்கிறது. அதை வேரும் மண்ணுமாகத் தோண்டி, பைக்கில் வைத்து நானே கொண்டுபோகப் போகிறேன். அவர்கள் நல்ல வார்த்தை ஒன்று சொல்லிவிட்டால் போதும்.

ஆல்பர்ட்

*

கெங்குவார்பட்டி,
17 செப்டம்பர் 2024

அண்ணே,

கொண்டுபோகாதீர்கள்! உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அங்கே வலைக் கூண்டுகளில் நோயில்லாத கன்றுகளை உண்டாக்கி வளர்க்கிறார்கள். மலைவாழை மறுபடி மலைக்கு வருவதற்கு இருக்கிற ஒரே வழி அது. அதன் வாசலுக்கு நீங்கள் பூச்சியோடு ஒரு கன்றைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோவதா?

கூப்பிட்டால் இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறேன். இன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து ரோட்டில் நின்று ஒவ்வொரு பைக்கையும் பார்த்தேன், உங்களைக் காணவில்லை. ஏற்கெனவே போய்விட்டீர்களா? என்ன கோபம் இருந்தாலும் என் வீட்டைத் தாண்டித்தானே அண்ணே போகவேண்டும்!

செலின்

*

சின்னமனூர்,
21 செப்டம்பர் 2024

அன்புள்ள செலினுக்கு,

நீ ரோட்டில் நின்றதற்கு முந்தின நாளே போய்விட்டேன். உன் வீட்டைத் தாண்டித்தான் போனேன். கொடியில் மாப்பிள்ளையின் சட்டை காய்ந்தது. நிறுத்தவில்லை.

சாக்கைப் பின்னால் கட்டிக்கொண்டு மலை ஏறும்போது, ஜெபஷீலாவை அவள் ஊருக்கு அழைத்துப்போகிற மாதிரி இருந்தது. வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது சாக்கின் வாயைத் தளர்த்திக் காற்றுகூட வாங்கவிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்தியதுமே காவலாளி ஓடிவந்தார். "ஏண்ணே, என்ன காரியம் பண்ணிருக்கீக!" என்று கத்தினார். திலீபன் சாரும் வந்தார். உள்ளே விடவில்லை. ரோட்டோரமாகத் தள்ளிப்போய் சாக்குக்கு மேலாக மருந்தடித்து, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, இலை அடியை விலக்கிக் காட்டினார். கறுப்புக் கறுப்பாக எள் சிதறினாற்போல அசுவினி. நான் அதுவரை குனிந்து பார்த்ததே இல்லை. வாழைக்குள் கிடக்கிறவன் என்று உனக்கு எழுதினேனே, அதை நினைத்து அங்கேயே வெட்கப்பட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "இதை இங்கேயே அழிக்கணும்ணே" என்று மட்டும் சொன்னார். ஒரு குழி வெட்டி, காய்ந்த விறகை அடுக்கிக் கன்றைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டார்கள். மண்ணெண்ணெயை நான் வாங்கி ஊற்றினேன், தீக்குச்சியையும் நான்தான் கிழித்தேன். பச்சை வாழை லேசில் எரியவில்லை. சீறிக்கொண்டு தண்ணீராக விட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி ராத்திரிகூட அழாதவன் அங்கே மூன்றாம் மனிதர்கள் முன்னால் அழுதேன்.

எரிகிற வரைக்கும் குழியோரத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டிருந்தாயே, அவள் இருந்தால் என்ன செய்திருப்பாள் என்று. டெங்கு வந்த வருடம் ஊர்த் தொட்டி, பானை எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டே வந்தவள், கோவில் வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டியையும் எட்டிப் பார்த்தாள். புழு நெளிந்தது. யாரையும் கேட்கவில்லை, கீழே ஊற்றிவிட்டாள். ஊரே சண்டைக்கு வந்தது. "சாமி மந்திரிச்ச தண்ணின்னு கொசுவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நான்தான் அவளை வீட்டுக்குள் இழுத்துப்போய்ச் சத்தம் போட்டேன்.

இன்னொன்றும் தோன்றியது. மந்திரித்ததை எறியக்கூடாது, சரி. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையை நாம் என்ன செய்கிறோம்? மறுவருடம் எரித்து அந்தச் சாம்பலைத்தானே சாம்பல் புதனன்று நெற்றியில் பூசிக்கொள்கிறோம்? இந்த வாழையை மட்டும் ஏன் எரிக்கக்கூடாது? சாமியாரிடம் கேட்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீயே சொல் என்றார்.

அதற்கு முன்னால் பக்கீர் முகம்மதுவிடம் சொல்லியாக வேண்டும். அதுதான் பயமாக இருக்கிறது.

அண்ணன்,
ஆல்பர்ட்

*

கெங்குவார்பட்டி,
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணே,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கொடியில் சட்டை காய்ந்ததைப் பார்த்தீர்களாம், உள்ளே வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மனசு வரவில்லையாம். இருக்கட்டும், இந்தச் சண்டையைப் பிறகு போடுகிறேன்.

இப்போது நான் சொல்வதை அப்படியே கேளுங்கள். எரிக்கவேண்டும் என்றால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஆளுக்கொரு வாழையைத் தோளில் வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டே கோவிலுக்கு ஊர்வலமாக வந்துவிடுவார்கள். தெருத்தெருவாகப் பூச்சி உதிரும். அதை மட்டும் நடக்கவிடாதீர்கள். முதலில் மருந்தடித்துப் பூச்சி சாகவேண்டும். அதற்கப்புறம்தான் அரிவாளைத் தொடவேண்டும். கிழங்கோடு தோண்டவேண்டும், துளி கிழங்கு மிஞ்சினாலும் மறுபடி முளைக்கும். அவரவர் தோட்டத்திலேயே எரிக்கவேண்டும். கோவிலுக்குச் சாம்பல் மட்டும் வரட்டும். திலீபன் சாரிடம் பேசிவிட்டேன், மருந்தின் பெயரையும் அளவையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

பக்கீர் அண்ணன் திட்டினால் பதில் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

செலின்

*

சின்னமனூர்,
8 அக்டோபர் 2024

அன்புள்ள செலினுக்கு,

எல்லாம் நீ சொன்னபடியே நடந்தது. ஒன்றைத் தவிர.

பக்கீர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரோரம் கூட்டிப்போய்க் காட்டினேன். குனிந்து பார்த்தார். வரிசை வரிசையாக நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குள் இரண்டு என்பது நிறைய ஆகியிருந்தது. "எப்பத் தெரியும் ஒனக்கு?" என்றார். சொன்னேன். "அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல ஆல்பர்ட்டு" என்றார், அவ்வளவுதான். மறுநாளே ஆள் விட்டு மருந்தடித்துத் தோண்டிவிட்டார். கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். இப்போது கடைத்தெருவில் என்னைக் கண்டால் டீக்கு நிற்பதில்லை.

கோவிலில் தீர்த்தத் தொட்டிக் கதையைத்தான் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். பின்னாலிருந்து ஒருவன், "பொண்டாட்டி பேருல புண்ணியம் தேடப்போயி எங்க வயித்துல அடிச்சிட்டான்" என்றான். அவன் தோட்டத்திலும் வந்துவிட்டது, அவன் வாயை நான் எப்படி அடைப்பது? சாமியார் எழுந்து, தான்தான் மந்திரித்தது, தானும் கூட வருகிறேன் என்று சொல்லி, அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டினார். மற்றவர்களும் பின்னாலேயே எழுந்து வந்தார்கள்.

கஸ்தூரியம்மாள்தான் என்னைக் கொன்றுவிட்டாள். "நெசமாத்தான் சொல்றியா ஆல்பர்ட்டு? நர்ஸம்மாவே வந்து நின்ன மாதிரில்ல வச்சிருந்தேன்" என்றாள். விளக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மண்வெட்டியை அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

ஊர் முழுக்க நாலைந்து நாள் ஒரே புகை. பால் டப்பாவிலும் தூக்குவாளியிலும் சாம்பல் கொண்டுவந்து கோவிலில் வைத்திருக்கிறார்கள். அடுத்த சாம்பல் புதனுக்கு இதையும் குருத்தோலைச் சாம்பலோடு சேர்த்துக்கொள்வதாகச் சாமியார் சொல்லியிருக்கிறார்.

இப்போது அந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரில் எல்லாருடையதும் போயாயிற்று, நம் வீட்டு வாழை மட்டும் நிற்கிறது. சுற்றிலும் பள்ளம் பறித்துவிட்டேன், கடப்பாரையும் அங்கேயே கிடக்கிறது. கிட்டே போனால் கை எழமாட்டேன் என்கிறது. மலையில் எரித்தது அதன் கன்றைத்தான், இது அவளுக்கென்று நட்டது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நானே இப்படி நிற்கிறேன். பக்கீர் தினமும் காலையில் தரிசாய்க் கிடக்கிற தோட்டத்துக்கு வந்து சுவருக்கு மேலாக அந்த வாழையைப் பார்க்கிறார். பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் மறுபடி நடவேண்டும் என்றால் இது போகவேண்டும், எனக்குத் தெரிகிறது.

என்னால் முடியவில்லை ஆத்தா. அன்றைக்கு உன்னை இந்த வீட்டுக்கு வராதே என்றவன்தான் இதை எழுதுகிறேன். நீ வா. உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிடுவதற்கு நேற்று போனைக் கையில் எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்று வைத்துவிட்டேன்.

அண்ணன்,
ஆல்பர்ட்

*

கெங்குவார்பட்டி,
11 அக்டோபர் 2024

அண்ணே,

தபாலில் போட்டால் தாமதமாகும் என்று லாரி ஓட்டுகிற சுருளியாண்டி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்காரரும் வருகிறார்.

அந்த வாழைக்கு மருந்தை மட்டும் இன்றைக்கே அடித்து வையுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பக்கீர் அண்ணன் பார்க்கும்போது அடியுங்கள். தீப்பெட்டியை நீங்கள் தொடவேண்டாம், நான் கொண்டுவருகிறேன்.

எனக்கும் சேர்த்து உலை வையுங்கள்.

செலின்